வெறும் எலக்ட்ரோடில் பீக் இடைவெளி 212 மில்லிவோல்ட்: கோளாறு எங்கே?

கரித்துண்டு | திங்கள், இரவு 10.47

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் வருடம். கிராஃபீன் கலவை ஒன்றைச் செய்து எலக்ட்ரோடில் பூசி, சைக்ளிக் வோல்டாமெட்ரி (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் முறை) எடுத்துக்கொண்டிருக்கிறேன். கட்டுரை அனுப்பியாயிற்று. மதிப்பாய்வாளர் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறார்: "வெறும் எலக்ட்ரோடின் பதிலே மோசமாக இருக்கிறதே, ஏன்?"

விவரம் இதுதான். 3 மி.மீ. விட்டமுள்ள கிளாசி கார்பன் எலக்ட்ரோடு, கவுண்டருக்குப் பிளாட்டினக் கம்பி, ரெஃபரன்ஸ் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு நிரப்பிய சில்வர்-சில்வர் குளோரைடு. கரைசல் 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடில் 1 மில்லிமோலார் ஃபெர்ரிசயனைடு (எலக்ட்ரானை வாங்கித் திருப்பித் தரும் சோதனைச் சேர்மம்). ஸ்கேன் ரேட், அதாவது மின்னழுத்தத்தை மாற்றும் வேகம், வினாடிக்கு 50 மில்லிவோல்ட்.

வெறும் எலக்ட்ரோடில் இரண்டு பீக்குக்கும் (ஏற்றும்போதும் இறக்கும்போதும் மின்னோட்டம் தொடும் உச்சங்கள்) இடைவெளி 212 மி.வோ., பீக் மின்னோட்டம் 9.3 மைக்ரோஆம்பியர். கலவை பூசியதும் 84 மி.வோ., 19 மைக்ரோஆம்பியர். இதை வைத்து, என் கலவை எலக்ட்ரான் பரிமாற்றத்தைப் பத்து மடங்கு வேகப்படுத்துகிறது என்று எழுதியிருக்கிறேன். திருத்தி அனுப்ப மூன்று வாரம்தான் இருக்கிறது. என்ன பதில் எழுதலாம்?


பழைய பொட்டன்ஷியோஸ்டாட் | திங்கள், இரவு 11.32

பதில் எழுதுவதை அப்புறம் பார்க்கலாம் தம்பி. அவர் கேட்டது நியாயமான கேள்வி.

கணக்கைப் பாருங்கள். ஒரு எலக்ட்ரான் வினை, வேகமாக நடக்கும் பரிமாற்றம், 25 டிகிரி வெப்பநிலை என்றால் பீக் இடைவெளி 57 முதல் 59 மி.வோ. வர வேண்டும். ஃபெர்ரிசயனைடு அவ்வளவு ஒழுங்கான பிள்ளை இல்லை. நல்ல கிளாசி கார்பனில் 65, 75 என்று வரும், அதில் தப்பில்லை. 212 வராது. உயரத்துக்கு ரேண்டில்ஸ்-செவ்சிக் சமன்பாடு இருக்கிறது. பரப்பு 0.071 சதுர செ.மீ., விரவல் கெழு (கரைசலில் மூலக்கூறு பரவும் வேகத்தின் அளவு) சுமார் 7.6 பெருக்கல் பத்தின் மைனஸ் ஆறாம் அடுக்கு. போட்டுப் பார்த்தால் 11.7 மைக்ரோஆம்பியர். உங்களுக்கு வந்திருப்பது அதில் 80 சதவீதம். பரிமாற்றம் மந்தமாகும்போது பீக் தள்ளிப்போவதோடு குட்டையாகவும் ஆகும், அதனால் உங்கள் இரண்டு எண்ணும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன.

நிக்கல்சன் 1965-இல் போட்டுக் கொடுத்த அட்டவணைப்படி 212 என்றால் எலக்ட்ரான் பரிமாற்றத்தின் வேக மாறிலி வினாடிக்கு 0.0007 செ.மீ. பக்கம். 84 என்றால் 0.007. உங்கள் "பத்து மடங்கு" அங்கிருந்துதான் வந்திருக்கிறது. கணக்கு சரி. எதோடு எதை ஒப்பிட்டீர்கள் என்பதுதான் என் சந்தேகம்.

மூன்று கேள்வி. கடைசியாக எப்போது பாலிஷ் செய்தீர்கள், எதில் செய்தீர்கள்? ரெஃபரன்ஸை ராத்திரி எதில் ஊறவைக்கிறீர்கள்? இரண்டு பீக்குக்கும் நடுப்புள்ளி எத்தனை மி.வோ.?


கரித்துண்டு | செவ்வாய், காலை 8.15

கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது சார். அலுமினா பொடி தீர்ந்து நாலு மாதம் ஆகிறது. வெள்ளைத் தாளில் தேய்த்துவிட்டு எத்தனால் தொட்ட பஞ்சால் துடைப்பேன். கூட இருப்பவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். ரெஃபரன்ஸ் டிஸ்டில்டு வாட்டரில் நிற்கும். நடுப்புள்ளி 190 மி.வோ.


துருக்காரன் | செவ்வாய், காலை 9.02

நான் ஆய்வகத்து ஆள் இல்லை, குழாய் அரிப்புத் தடுப்பு வேலையில் இருப்பவன். இருந்தாலும் சொல்கிறேன். டிஸ்டில்டு வாட்டரில் வைத்த ரெஃபரன்ஸ் என்றால் நுனியில் இருக்கும் நுண்துளைக் கண்ணாடி அடைத்திருக்கும். அதனால் மின்தடை ஏறும், மின்னழுத்தம் அதில் விழும், பீக் விலகும். ரெஃபரன்ஸை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது.


நைக்விஸ்ட் அக்கா | செவ்வாய், மதியம் 1.20

துருக்காரன் அண்ணா, இந்த ஒரு இடத்தில் உங்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். ரெஃபரன்ஸ் வழியாக மின்னோட்டமே போவதில்லை. போகாத மின்னோட்டத்தை எவ்வளவு பெரிய தடையால் பெருக்கினாலும் விடை பூஜ்யம்தான். நுனி அடைத்தால் வேறு தொல்லைகள் வரும். கோடு நடுங்கும், இரைச்சல் ஏறும், சில கருவிகள் அலைபாய ஆரம்பித்துவிடும். பீக் அழகாக, வழவழப்பாக 212-க்கு விலகி நிற்காது.

ஆனால் மின்தடையைச் சந்தேகித்தது சரி. வொர்க்கிங் எலக்ட்ரோடுக்கும் (இங்கே அந்தக் கிளாசி கார்பன்) ரெஃபரன்ஸ் நுனிக்கும் நடுவில் இருக்கும் கரைசல் இருக்கிறதே, அதில் மின்னோட்டம் போகிறது. அந்தத் தடையும் பீக்கை விலக்கும், மந்தமான பரிமாற்றமும் பீக்கை விலக்கும். ஸ்கேன் ரேட்டை ஏற்றினால் இரண்டிலுமே இடைவெளி கூடும். அதை வைத்து ஆளை அடையாளம் காண முடியாது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

பிரித்துப் பார்க்க எளிதான வழி செறிவை மாற்றுவது. 1 மில்லிமோலாருக்குப் பதில் 5 போடுங்கள் தம்பி. மின்னோட்டம் ஐந்து மடங்காகும். தடைதான் காரணம் என்றால் 59-க்கு மேல் இருக்கும் அந்த 150 மி.வோ.வும் ஐந்து மடங்காகிப் பீக் எங்கேயோ போய்விடும். பரிமாற்றம் மந்தம் என்றால் செறிவு என்னவானாலும் இடைவெளி கிட்டத்தட்ட அங்கேயே நிற்கும். அப்படியே இம்பிடன்ஸும் (வெவ்வேறு அதிர்வெண் மாறுமின்னோட்டத்தில் தடையை அளப்பது) ஒரு முறை எடுங்கள். நைக்விஸ்ட் வரைபடத்தில் அதிக அதிர்வெண் பக்கம் கோடு கிடை அச்சைத் தொடுகிற இடம்தான் கரைசல் தடை. 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடு, 3 மி.மீ. வட்டு என்றால் 130 ஓம் பக்கம் வர வேண்டும்.


மேல்நிலை வேதியியல் | செவ்வாய், மாலை 5.40

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். பள்ளி ஆசிரியர் நான். "ரெஃபரன்ஸ் வழியாக மின்னோட்டம் போவதில்லை" என்று படித்ததும் ஒன்று கேட்கத் தோன்றியது. எங்கள் பாடத்தில் கால்வானிக் மின்கலத்துக்கு இரண்டு மின்முனைதான். மூன்றாவது எதற்கு?

இன்னொன்று. பிள்ளைகள் எலுமிச்சம்பழத்தில் துத்தநாகத் தகடும் செம்புத் தகடும் குத்தி மீட்டரில் 0.9 வோல்ட் காட்டினார்கள். இரண்டு பழத்தைத் தொடராக இணைத்து 1.8 வோல்ட் வந்தது. சிவப்பு எல்இடி எரியவில்லை. மீட்டர் பொய் சொல்கிறதா என்று ஒரு பையன் கேட்டான். சட்டென்று பதில் வரவில்லை எனக்கு.


நைக்விஸ்ட் அக்கா | செவ்வாய், இரவு 9.55

டீச்சர், உங்கள் இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான். அந்தப் பையனிடம் மீட்டர் பொய் சொல்லவில்லை என்று சொல்லுங்கள். மீட்டரின் உள்தடை 10 மெகாஓம். 0.9 வோல்டில் அது பழத்திடமிருந்து இழுப்பது 0.1 மைக்ரோஆம்பியருக்கும் குறைவு. வேலையே வாங்காமல் கூலி எவ்வளவு என்று மட்டும் கேட்கிற மாதிரி. எல்இடி மாட்டினால் வேலை வாங்குகிறோம். அப்போது மூன்று இடத்தில் மின்னழுத்தம் கரைகிறது. பழச்சாற்றின் தடை ஒன்று. தகட்டின் மேல் எலக்ட்ரான் கைமாறுவதற்குக் கொடுக்க வேண்டிய கூடுதல் மின்னழுத்தம் இன்னொன்று. வினைப்படும் பொருள் தகட்டை நோக்கி வந்து சேர்வதற்குள் ஏற்படும் பற்றாக்குறை மூன்றாவது. கரித்துண்டு தம்பியின் தலைவலியும் இதே மூன்றுதான், எது எவ்வளவு என்று பிரிக்கத்தான் இவ்வளவு பாடு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பாடத்தில் டேனியல் கலத்துக்கு 1.10 வோல்ட் என்று இருக்கும், பழத்தில் ஏன் குறைகிறது என்று அடுத்து கேட்பார்கள். எலுமிச்சையில் செம்பு அயனி இல்லை. செம்புத் தகடு சும்மா இடம் கொடுக்கிறது, அதன் மேல் ஒடுங்குவது ஹைட்ரஜன் அயனி. அதனால் 0.34-ஐயும் 0.76-ஐயும் கூட்டி விடை சொல்ல முடியாது.

மூன்றாவது மின்முனைக்கு வருகிறேன். ஒரு மின்முனையின் மின்னழுத்தத்தைத் தனியாக அளக்கவே முடியாது, இன்னொன்றோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். ஒப்பிடப்படுகிற ஆள் அசையாமல் நிற்க வேண்டும். அவர் வழியாகவே மின்னோட்டத்தையும் அனுப்பினால் அவர் நிலையும் மாறிவிடும். அதனால் வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். மின்னோட்டத்தைச் சுமக்க கவுண்டர், அசையாமல் நின்று ஒப்பிடப்பட ரெஃபரன்ஸ். இருவரையும் கவனித்துக்கொண்டே, கேட்ட மின்னழுத்தம் வொர்க்கிங்கில் நிற்கும்படி கவுண்டரைத் தள்ளிக்கொண்டே இருப்பது பொட்டன்ஷியோஸ்டாட்.


துருக்காரன் | செவ்வாய், இரவு 10.30

சரிம்மா, நான் சொன்னது தப்புதான். மின்னோட்டம் போகிற இடத்தில்தான் தடை பேசும் என்பதை இருபது வருஷமாகத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் நான், எழுதும்போது கோட்டை விட்டுவிட்டேன். புதைத்த குழாய்க்கு கேத்தோடிக் பாதுகாப்பு (துருப்பிடிக்காமல் இருக்க மின்னோட்டம் செலுத்துவது) கொடுக்கும்போது மண்ணின் தடையில் விழும் மின்னழுத்தமும் மீட்டரில் சேர்ந்து காட்டும். அதனால் மின்சாரத்தை நிறுத்தி, நிறுத்திய அந்தக் கணத்து அளவைத்தான் எடுப்போம். மின்னோட்டம் நின்றதும் தடையில் விழுந்தது உடனே மறைந்துவிடும், குழாயின் உண்மையான மின்னழுத்தம் மெதுவாகத்தான் நகரும்.

ரெஃபரன்ஸ் பற்றி ஒரு கதை. மண்ணில் நாங்கள் வைப்பது செம்பு-காப்பர் சல்பேட் முனை. இரும்புக் குழாய் அதற்கு எதிராக மைனஸ் 0.85 வோல்ட் அல்லது அதற்கும் கீழே இருந்தால் பாதுகாப்பாக இருக்கிறது என்று கணக்கு. ஒரு தளத்தில் புதிதாக வந்த பையன், எங்கள் முனை உடைந்துவிட்டதால் ஆய்வகத்திலிருந்து சில்வர் குளோரைடு முனையை எடுத்து வந்து அளந்திருக்கிறான். மைனஸ் 0.75 வந்தது. பாதுகாப்பு போதவில்லை என்று முடிவு செய்து அந்த மின்னோட்டத்தைக் கொடுக்கும் ரெக்டிஃபையரை முறுக்க ஆரம்பித்துவிட்டான். நல்லவேளை போன் செய்தான். நிறைவுற்ற சில்வர் குளோரைடு முனை ஹைட்ரஜன் முனையைவிட 0.197 மேலே நிற்கும், காப்பர் சல்பேட் 0.316 மேலே. வித்தியாசம் 0.12. அவன் எண்ணை மாற்றிப் போட்டால் மைனஸ் 0.87. குழாய் சுகமாகத்தான் இருந்தது.


பழைய பொட்டன்ஷியோஸ்டாட் | புதன், காலை 6.50

துருக்காரன் சொன்னது கரித்துண்டுக்கும் பொருந்தும். நடுப்புள்ளி 190 என்றீர்கள் தம்பி. உங்கள் ரெஃபரன்ஸுக்கு எதிராக 220 பக்கம் வர வேண்டும். காணாமல் போன 30 மி.வோ. எங்கே போயிற்று? டிஸ்டில்டு வாட்டருக்குள் போயிற்று. முனைக்குள் இருந்த குளோரைடு ராத்திரி ராத்திரியாக வெளியே கசிந்திருக்கிறது. குளோரைடு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டின்படி ரெஃபரன்ஸ் 59 மி.வோ. மேலே ஏறும். உங்களுடையது 30 ஏறியிருப்பதால் குளோரைடு மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியிருக்கும். உள்கரைசலை ஊற்றிவிட்டுப் புதிதாக 3 மோலார் நிரப்புங்கள், குமிழி இருந்தால் உதறுங்கள், இனி அதே 3 மோலார் கரைசலில் நிறுத்துங்கள். இதனால் பீக் இடைவெளி மாறாது, இரண்டு பீக்கும் சேர்ந்துதான் நகரும். ஆனால் கட்டுரையில் எழுதிய ஒவ்வொரு மின்னழுத்தமும் 30 தப்பு.


கரித்துண்டு | புதன், மாலை 6.10

5 மில்லிமோலாரில் எடுத்தேன் அக்கா. இடைவெளி 222. இம்பிடன்ஸில் கரைசல் தடை 131 ஓம்.


நைக்விஸ்ட் அக்கா | புதன், மாலை 6.45

அழகு. கூடுதலாக வந்த 10 மி.வோ.தான் கரைசல் தடையின் பங்கு. மின்னோட்டம் 38 மைக்ரோஆம்பியர் போலக் கூடியிருக்கும், அதை 131-ஆல் பெருக்குங்கள், இரண்டு பீக்குக்கும் சேர்த்து இரண்டால் பெருக்குங்கள், சரியாக வந்து நிற்கும். ஆக 1 மில்லிமோலாரில் தடையின் பங்கு இரண்டு மூன்று மி.வோ.தான். மீதி எல்லாம் மேற்பரப்பு. போய் அலுமினா வாங்குங்கள்.


பழைய பொட்டன்ஷியோஸ்டாட் | புதன், இரவு 9.30

வாங்கினால் 0.3 மைக்ரானும் 0.05 மைக்ரானும் வாங்குங்கள். கீறல் ஆழமாக இருந்தால் 1 மைக்ரானில் ஆரம்பிக்க வேண்டும். பாலிஷ் துணியும் அளவுக்கு ஒன்றாகத் தனித்தனியாக வேண்டும். 0.3 போட்ட துணியில் 0.05 போட்டால் இரண்டும் கெட்டது.

துணியை நனைத்து, கடுகளவு பொடி, ரெண்டு சொட்டு தண்ணீர் விட்டுக் கூழாக்குங்கள். எலக்ட்ரோடை நேர்க்குத்தாகப் பிடித்து எட்டு எழுதுவது போல ஓட்ட வேண்டும். ஒரே திசையில் தேய்த்தால் கோடு விழும், சாய்த்துப் பிடித்தால் ஓரம் உருண்டு பரப்பே மாறிவிடும். அழுத்தாதீர்கள், அதன் எடையோடு இன்னும் கொஞ்சம் போதும். இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டுக் கழுவி, டிஸ்டில்டு வாட்டரில் சோனிகேட்டரில் ஒரு நிமிடம். அதற்கு மேல் வைத்தால் கார்பனுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் இடைவெளி விட்டு, கரைசல் உள்ளே கசிய ஆரம்பிக்கும். டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தால் குழலின் விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும். மங்கலாகத் தெரிந்தால் திரும்பவும் முதலிலிருந்து. செய்த கையோடு கரைசலில் இறக்கிவிடுங்கள். மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் காற்றில் உள்ள அழுக்கெல்லாம் அதில் வந்து உட்கார்ந்திருக்கும்.

பிராகாவில் ஹெய்ரோவ்ஸ்கி 1922-இல் போலரோகிராஃபியை (வோல்டாமெட்ரியின் முன்னோடி முறை) ஆரம்பித்தபோது அவருக்கு இந்தத் தொல்லையே இல்லை. நுண்குழாயிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும் பாதரசம் அவர் எலக்ட்ரோடு. சில நொடிக்கு ஒரு முறை பழைய துளி விழும், புத்தம் புதிய மேற்பரப்பு தானாக வந்து நிற்கும். 1959-இல் நோபல் பரிசு வாங்கிக் கொடுத்த முறைக்கு அந்தச் சுத்தம் ஒரு பெரிய பலம். பாதரசத்தின் நச்சுக்குப் பயந்து நாம் கார்பனுக்கு வந்தோம், திடப்பொருள் முந்தைய நாள் பட்டதை மறக்காது.


கரித்துண்டு | சனி, இரவு 8.20

அலுமினா நேற்று வந்தது. மூன்றாவது முயற்சியில்தான் டியூப்லைட் கூர்மையாகத் தெரிந்தது. அதே 1 மில்லிமோலார் கரைசல், அதே 50 மி.வோ. ஸ்கேன்.

வெறும் எலக்ட்ரோடு: 72 மி.வோ., 11.4 மைக்ரோஆம்பியர், நடுப்புள்ளி 221.

ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கலவைக்கு 84. வெறும் எலக்ட்ரோடு அதைவிட நன்றாக இருக்கிறது.


துருக்காரன் | சனி, இரவு 8.41

அடடா.


கரித்துண்டு | சனி, இரவு 9.05

ஆனால் கலவையில் மின்னோட்டம் 19 வருகிறதே. அது பரப்பு கூடியதால்தானே? வேகம் என்ற வாதத்தை எடுத்துவிட்டு "செயல்படும் பரப்பு 1.7 மடங்கு" என்று மாற்றி எழுதினால் நிற்குமா? ரேண்டில்ஸ்-செவ்சிக் வைத்து எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.


நைக்விஸ்ட் அக்கா | ஞாயிறு, காலை 10.15

எல்லாரும் எழுதுவது தெரியும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நீங்கள் ஓட்டிய வேகத்தில் விரவல் அடுக்கின் (மூலக்கூறுகள் எலக்ட்ரோடை நோக்கிப் பரவி வரும் பகுதி) தடிமன் ஏறக்குறைய 20 மைக்ரான். கலவையின் சுருக்கமும் மடிப்பும் நானோமீட்டரில், மிஞ்சினால் ஒரு மைக்ரானில் இருக்கும். மலைக்கு மேலே விமானத்தில் போகிறவருக்குப் பாறை இடுக்கு தெரியாத மாதிரி, 20 மைக்ரான் தூரத்திலிருந்து நடந்து வரும் மூலக்கூறுக்கு அந்த மேற்பரப்பு தட்டையாகத்தான் தெரியும். மடிப்பு எவ்வளவு இருந்தாலும் விரவலால் வரும் பீக் மின்னோட்டம் அதனால் கூடாது.

அப்படியானால் 19 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். இரண்டு சந்தேகம். பீக்கை எந்த அடிக்கோட்டிலிருந்து அளந்தீர்கள்? பரப்பு கூடினால் இரட்டை அடுக்கு மின்தேக்கத்துக்கு (மேற்பரப்பை ஒட்டி வினையின்றிச் சேரும் மின்னூட்டம்) போகும் மின்னோட்டம் கட்டாயம் கூடும், அதைப் பீக்கோடு சேர்த்து அளந்திருக்கலாம். இரண்டாவது, படலத்தின் துளைக்குள் சிக்கியிருக்கும் கரைசல். அது எங்கிருந்தும் விரவி வர வேண்டியதில்லை, அங்கேயே இருக்கிறது, உடனே வினைப்படும். இப்படி நடந்தால் பீக் உயரும், இடைவெளியும் தானாகச் சுருங்கும். பார்ப்பவர் வினை வேகமாகிவிட்டது என்று நினைப்பார். உங்கள் 84-லும் இதன் பங்கு இருக்கலாம்.

10 முதல் 200 மி.வோ. வரை ஐந்தாறு ஸ்கேன் ரேட்டில் எடுத்து, பீக் மின்னோட்டத்தை ஸ்கேன் ரேட்டுக்கு எதிராக மடக்கைக்கு மடக்கை வரைந்து பாருங்கள். சாய்வு 0.5 என்றால் விரவல். 1 என்றால் துளைக்குள் சிக்கியதோ மேற்பரப்பில் ஒட்டியதோ.


கரித்துண்டு | திங்கள், மாலை 7.30

வெறும் எலக்ட்ரோடில் சாய்வு 0.50. கலவையில் 0.71. அடிக்கோட்டைச் சரியாக நீட்டி அளந்தால் 19 என்பது 15 ஆகிவிட்டது.


பழைய பொட்டன்ஷியோஸ்டாட் | திங்கள், இரவு 9.10

0.71 என்றால் இரண்டும் கலந்து நடக்கிறது, அதை அப்படியே எழுதுங்கள். பரப்பு வேண்டுமென்றால் ஃபெர்ரிசயனைடே இல்லாத கரைசலில், வினை ஏதும் நடக்காத மின்னழுத்தத்தில், மின்தேக்கத்தை வெவ்வேறு ஸ்கேன் ரேட்டில் அளந்து இரண்டு எலக்ட்ரோடையும் ஒப்பிடலாம். அதிலும் ஓட்டை உண்டு. கிராஃபீனுக்கும் கிளாசி கார்பனுக்கும் சதுர செ.மீ.க்கு ஒரே மின்தேக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும், ஆக்சிஜன் தொகுதிகள் இருந்தால் அது பொய்.

ஃபெர்ரிசயனைடு மேற்பரப்பு அழுக்குக்கும் ஆக்சைடுக்கும் ரொம்பவே நொந்துகொள்ளும் சேர்மம். ஹெக்சாஅமீன் ருத்தேனியம் கிடைத்தால் அதிலும் ஒரு முறை ஓட்டுங்கள். அது மேற்பரப்பின் வேதியியலைக் கண்டுகொள்ளாது. பாலிஷ் செய்யாத எலக்ட்ரோடிலும் அதில் 65 வந்து, ஃபெர்ரிசயனைடில் மட்டும் 212 வந்தால் கோளாறு மேற்பரப்பில்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மதிப்பாய்வாளருக்கு இந்த எண்களை அப்படியே கொடுங்கள்.


மேல்நிலை வேதியியல் | செவ்வாய், மாலை 4.50

பையனிடம் சொன்னேன். நாலு பழத்தைத் தொடராக இணைத்து எல்இடி மாட்டிவிட்டு, மாட்டிய நிலையிலேயே மீட்டரை வைத்துப் பார்த்தோம். மாட்டுவதற்கு முன் 3.6. மாட்டியதும் 1.7-க்கு இறங்கியது, விளக்கை அணைத்த அறையில் சிவப்பாகக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு புள்ளி. மீதி 1.9 எங்கே போயிற்று என்று இப்போது வகுப்பே கேட்கிறது. தடையை மட்டும் தனியாக அளந்து காட்ட மல்டிமீட்டரில் வழி உண்டா?


நைக்விஸ்ட் அக்கா | செவ்வாய், இரவு 9.20

மல்டிமீட்டரின் ஓம் அளவில் வைத்துப் பழத்தை அளக்காதீர்கள் டீச்சர், பழமே ஒரு பேட்டரி, எண் தாறுமாறாக வரும். துருக்காரன் அண்ணா குழாய்க்குச் செய்வதைச் செய்யுங்கள். எல்இடி எரிந்துகொண்டிருக்கும்போது அதன் கம்பியைச் சட்டென்று பிடுங்குங்கள், மீட்டரை போனில் வீடியோ எடுங்கள். முதலில் ஒரே தாவலில் ஏறும் வோல்ட் தடையின் பங்கு. அதன் பிறகு மெல்ல மெல்ல ஏறுவது மற்ற இரண்டும். சாதாரண மீட்டர் வினாடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கும், அதனால் தோராயமாகத்தான் வரும். பள்ளியில் ஆசிலோஸ்கோப் இருந்தால் அதை எடுங்கள்.